எண்ணெய் வேண்டாத சைக்கிள்

மிதிவண்டிக் காலம் – 17

பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் அருகே கொஞ்ச நேரம் நின்றாலே, திருப்பூர் எதற்கு அதிகம் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும். ஓட்டையோ தையல் விட்டதோ இரண்டாம் பட்சம். முதல் பயம் எண்ணெய்க் கறைக்குத்தான். நிட்டிங் மெஷினில் ஊசிக்குப் போகும் எண்ணெய் சற்றுக் கூடினால் துணி நெடுக ஆயில் லைன் விழும். ஓவர்லாக் தலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கினால் தைத்து முடித்த பீஸ் தனியே ஒதுங்கும். அந்தக் கறையை எடுக்க ஒரு ஆள், ஒரு கன், ஒரு கெமிக்கல். வெள்ளை ஆர்டர் ஓடும் நாளில், வழியில் கழன்ற சைக்கிள் செயினை மாட்டிய கையோடு யாரும் டேபிள் பக்கம் போக முடியாது. சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும்.

போன வாரம் செயின் பராமரிப்பு பற்றி எழுதியிருந்தேன். மண்ணெண்ணெய், பழைய பிரஷ், கைநிறைய பனியன் வேஸ்ட், அப்புறம் புது எண்ணெய் என்று ஒரு முழுக் காலைப்பொழுது அதற்குப் போய்விடும். அதைப் படித்த ஊத்துக்குளி வாசகர் ஒருவர், செயினுக்குப் பதில் பெல்ட் வைத்த மலை சைக்கிள் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் “இதை நாங்க தொட்டதில்லீங்க” என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா என்பது அவர் கேள்வி.

தாராளமாக முடியும். அந்த வேலைக்கு வேண்டிய கைப்பழக்கம் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. சைக்கிள் கடையில் அது கிடைக்காமல் போகலாம். நிட்டிங் கம்பெனியில் கிடைக்கும்.

வட்டப் பின்னல் மெஷின் ஒன்றை நின்று பாருங்கள். 30 டயா மெஷினில் சுற்றிலும் 90 ஃபீடர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நூலை அளந்து ஊசிக்குக் கொடுக்கிறது. அந்த அளவு எல்லா ஃபீடரிலும் ஒன்றாக இருந்தால்தான் துணியின் லூப் ஒரே நீளமாக வரும், துணியின் எடைக் கணக்கான ஜிஎஸ்எம் சரியாக நிற்கும். இத்தனை ஃபீடர்களையும் ஒரே வேகத்தில் சுழற்றுவது மெஷினின் தலையைச் சுற்றி ஓடும் பல் வைத்த பெல்ட். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க விட்டம் மாற்றக்கூடிய ஒரு புல்லி உண்டு, விடிக்யூ என்பார்கள். கம்பெனியில் ஃபிட்டர் அந்தப் பெல்ட்டை இரண்டு விரலால் சுண்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். ஒருமுறை சுண்டுவார், டென்ஷன் புல்லியின் போல்ட்டை ஒரு நூல் திருப்புவார், மறுபடி சுண்டுவார். எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “லூசா இருந்தா வழுக்குமுங்க, நூலு கொறையும், லூப்பு சின்னதாப் போயிரும். ரொம்ப இறுக்குனா பேரிங்கு போயிருமுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது, அங்க நிறுத்தோணும்.”

பெல்ட் சைக்கிள் பராமரிப்பில் முக்கால் பங்கு அவர் சொன்ன அந்த நடு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

இந்தப் பல் பெல்ட் பிறந்த கதையும் நமக்கு அந்நியமில்லை. 1940களில் அமெரிக்காவின் எல்.எச்.கில்மர் கம்பெனியில் ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். முதலில் எடுத்துப் பயன்படுத்திய கம்பெனிகளில் ஒன்று சிங்கர் தையல் மெஷின் கம்பெனி. மேலே ஊசி இறங்கும் நேரமும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கி வரும் நேரமும் இம்மியளவு பிசகினாலும் தையல் விழாது. சாதாரண வி-பெல்ட் புல்லியோடு உரசிப் பிடித்து ஓடுவது, சுமை ஏறினால் கொஞ்சம் வழுக்கும். நம் மதுரைக் கோச்சடையில் ஃபென்னர் தயாரிக்கும் வி-பெல்ட்டுகள் மாவு மில்லிலும் கம்ப்ரெசரிலும் ஓடுகின்றன, அங்கே அந்த வழுக்கல் பாதகமில்லை. தையலுக்கு அது ஆகாது. பல்லோடு பல் கோத்து ஓடும் பெல்ட் வேண்டியிருந்தது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் எஞ்சினுக்குள் அது போனது. 1980இல் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு வந்தது. இன்று ஓசூரில் தயாராகும் ஏதர் 450 ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைச் சுழற்றுவதும் பல் பெல்ட்தான்.

சைக்கிளுக்கு அது வந்து சேர நாளாயிற்று. 1980களில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் சில நகரச் சைக்கிள்களில் பெல்ட் வைத்தது. 1987இல் மார்க் சாண்டர்ஸ் வடிவமைத்த ஸ்ட்ரைடா மடக்கு சைக்கிள் வந்தது. இவையெல்லாம் தட்டையான சாலையில் மெதுவாகப் போகும் வண்டிகள். எழுந்து நின்று மிதித்து மேடேறும் மலை சைக்கிளின் இழுவையைத் தாங்கும் பெல்ட், கார்பன் இழை உள்ளே போன பிறகுதான் சாத்தியமானது. அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் 2007 வாக்கில் அதைக் கொண்டுவந்தது. 2009இல் டிரெக் போன்ற பெரிய கம்பெனி தன் நகரச் சைக்கிள்களில் பெல்ட்டைப் போட்டு விற்றது. அதன் பிறகு வந்த சென்டர்டிராக் வகையில் பெல்ட்டின் உட்புறம் நடுவில் ஒரு பள்ளம் ஓடும், புல்லியின் நடுவில் அதற்கேற்ற ஒரு விளிம்பு நிற்கும். பெல்ட் பக்கவாட்டில் நழுவாமல் அந்த விளிம்பு பிடித்துக்கொள்கிறது. மலை சைக்கிளுக்கு இன்று பரவலாகப் போடுவது இதில் சிடிஎக்ஸ் என்ற ரகம். சிடிஎன் என்று இன்னொன்று உண்டு. அது நகர ஓட்டத்துக்கு. பெல்ட் வாங்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட்டை வெட்டிப் பார்த்தால் மூன்று பொருள் தெரியும். உடம்பு பாலியூரித்தேன். பல் இருக்கும் பக்கத்தில் நைலான் துணி உறை. நடுவில் நீளவாக்கில் கார்பன் இழைக் கயிறுகள். இழுவை முழுவதையும் தாங்குவது அந்தக் கயிறுகள்தான். கார்பன் இழை விளக்குமாற்று ஈர்க்கைப் போல: நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், மடித்தால் முறியும். ஈர்க்கு முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். பெல்ட்டுக்குள் இழை முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு மேட்டில் மிதிக்கும்போது பட்டென்று அறும். ஓட்டியவர் பெல்ட் மட்டம் என்பார். அது முறிந்தது மாட்டிய அன்றைக்கே.

ஆகவே பெல்ட்டைக் கையில் எடுக்கும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு, இவற்றில் சலுகையே கிடையாது. முறுக்கக் கூடாது. பல் வெளியே வருமாறு புரட்டக் கூடாது. இறுக்கமாகச் சுருட்டிப் பையில் திணிக்கக் கூடாது. செயினைப் பாதிப் பல்லில் மாட்டிவிட்டுப் பெடலைச் சுற்றி ஏற்றுவோமே, அதைப் பெல்ட்டுக்குச் செய்யவே கூடாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவதும் அப்படித்தான். பின்சக்கரத்தை முன்னால் தள்ளி, பெல்ட்டைத் தளர்வாக இரண்டு புல்லியிலும் உட்காரவைத்து, பிறகு சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்குவதுதான் முறை. உதிரி பெல்ட் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. வந்த பெட்டியில், வந்த சுருளிலேயே இருக்கட்டும். ஆணியில் மாட்டித் தொங்கவிட வேண்டாம்.

பெல்ட்டுக்கு இணைப்பு கிடையாது, முழு வளையம். செயினைப் போலக் கழற்றிச் சட்டத்துக்குள் நுழைக்க முடியாது. அதனால் பெல்ட்டுக்கென்று செய்த சட்டத்தில் பின்முக்கோணத்தின் வலப்பக்கம் ஓர் இடத்தில் வெட்டி, போல்ட் போட்டு மூடியிருப்பார்கள். பெல்ட் மாற்றும்போது மட்டும் அந்த மூட்டைத் திறப்போம். அந்தப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை அந்த மூட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது இறுக்கத்துக்கு வருவோம். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெல்ட்டைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கெடுக்கிறார்கள்.

பெல்ட் தளர்ந்திருந்தால் அழுத்தி மிதிக்கும்போது ஒரு பல் தாவும். ‘டக்’ என்று சத்தம் வரும். அந்த ஒவ்வொரு டக்கும் உள்ளே இருக்கும் கயிற்றில் விழும் அடி. ரொம்ப இறுகியிருந்தால் ஹப் பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் தேயும், மிதி கனக்கும். நடு இடத்தைக் கண்டுபிடிக்கச் சுண்டிப் பார்ப்பதுதான் வழி, நிட்டிங் ஃபிட்டர் செய்ததுபோலவே. சைக்கிளில் அந்த அதிர்வை எண்ணாகவே அளந்துவிடலாம். பெல்ட்டின் மேல் ஓட்டத்தை நடுவில் சுண்டிவிட்டு, அதன் அருகே கைபேசியை வைத்தால் ஒலியை அலைவெண்ணாகக் காட்டும் செயலிகள் உண்டு, பெல்ட் கம்பெனியே ஒன்று தருகிறது. ஹப்புக்குள் கியர் இருக்கும் வண்டிக்குச் சுமார் 35 முதல் 50 ஹெர்ட்ஸ், ஒற்றைக் கியர் வண்டிக்குச் சுமார் 45 முதல் 60 ஹெர்ட்ஸ் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கீழான ஒலி என்று புரிய ஒரு தகவல்: பேஸ் கிட்டாரின் மிகக் கனமான கம்பி அதிர்வது 41 ஹெர்ட்ஸில்.

இங்கே ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். அலைவெண் கூடுவதும் இறுக்கம் கூடுவதும் சமமாக நடப்பதில்லை. இறுக்கம் நான்கு மடங்கானால்தான் அலைவெண் இரண்டு மடங்காகும். 40இலிருந்து 50க்குப் போவது கால்வாசிக் கூடுதல் என்று தோன்றும். உண்மையில் பெல்ட்டின் இழுவிசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கும், பேரிங்கின் மேல் விழும் சுமையும் அதே அளவு ஏறும். ‘இன்னும் கொஞ்சம் டைட் வைப்போம்’ என்று கை போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார், சோக், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் ரீங்காரமும் 50இலும் 100இலும் நிற்கும். நாம் தேடும் எண்ணும் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. ராயபுரத்திலோ காதர்பேட்டையிலோ பக்கத்துக் காம்பவுண்டில் மெஷின் ஓடும் வீட்டில் கைபேசியை நீட்டினால், நீங்கள் பெல்ட்டைத் தொடுவதற்கு முன்பே அது 50 காட்டும். ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடவும் வேண்டாம். கிராங்க்கைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். எந்தப் புல்லியும் நூற்றுக்கு நூறு வட்டமில்லை, ஒரு நிலையில் இறுகும், ஒரு நிலையில் தளரும். இறுகலான நிலை மேல் வரம்பைத் தாண்டாமலும், தளர்ந்த நிலை கீழ் வரம்புக்குக் கீழே போகாமலும் நிறுத்துங்கள்.

அடுத்தது நேர்கோடு. முன் புல்லியும் பின் புல்லியும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், விலகல் ஒரு மில்லிமீட்டருக்குள். செயின் பக்கவாட்டில் வளையும், அதனால்தான் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவும் டிரெய்லியர் கியரில் குறுக்காக ஓடியும் பிழைத்துக்கொள்கிறது. பெல்ட்டுக்கு அந்த வளைவு கிடையாது. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைப் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். பெல்ட் ஒரு பக்கம் ஏறி உரசினால், முதலில் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இடம் வலம் இரண்டு பக்கத்து இழுவை போல்ட்டும் சமமாக இருக்கிறதா என்றும். பல நேரம் கோளாறு அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் உரசினால் புல்லிக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஸ்பேசர் தேவைப்படலாம்.

சுத்தம் செய்வது இதில் ஆகச் சுலபம். எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. தண்ணீர், மெல்லிய பிரஷ், துடைக்க ஒரு துணி. போர்த் தண்ணி உப்பாக இருக்கும் பகுதிகளில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் புல்லியின் பள்ளங்களில் வெள்ளைப் படிவம் தங்கும், உடனே துடைத்துவிடுவது நல்லது. காங்கேயம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் தானே உதிரும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மழைக்காலத்தில் அப்பிக்கொள்ளும், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி இறக்கிவிட வேண்டும். வெயில் காலத்துத் தூசியில் பெல்ட் கீச்சிடும். அப்போது கை எண்ணெய்க் குப்பியைத் தேடும். தேட வேண்டாம். கழுவிக் காயவைத்து, உலர் சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக ஒருமுறை அடித்தால் சத்தம் நிற்கும். ஸ்ப்ரே டிஸ்க் பிரேக்கில் படாமல் ஒரு அட்டையை மறைவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் செயினுக்கு இருக்கும் பெரிய எதிரி பஞ்சுத் தூசி. நிட்டிங் ஷெட்டில் நிறுத்திய சைக்கிளின் செயின் ஒரு வாரத்தில் எண்ணெயோடு பஞ்சும் சேர்ந்து திரித்திரியாகத் தொங்கும். பெல்ட்டில் ஒட்டுவதற்கு எண்ணெயே இல்லை என்பதால் பஞ்சு பறந்துவிடுகிறது. கம்பெனியில் கம்ப்ரெசர் ஏர் கன் இருந்தால் அதால் ஊதிவிடலாம், தூரத்தில் பிடித்து. ஹப், கிராங்க் பேரிங் பக்கம் மட்டும் காற்றைக் காட்டக் கூடாது, தூசி சீல் தாண்டி உள்ளே போகும். வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை விடவே வேண்டாம். பிரஷர் தண்ணீர் பேரிங்குக்குள் போவது ஒரு பக்கம். கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசல் அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். பெல்ட்டில் அது படவே கூடாது.

பஞ்சருக்கும் பெல்ட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு வேலியோரமாக ஓட்டுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நெருஞ்சியும் கிளுவை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் எந்த டயரையும் விடாது. செயின் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது விளையாட்டுக் காரியம். பெல்ட் வண்டியில் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இறுக்கத்தையும் நேர்கோட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதனால் முடிந்தவரை சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டுங்கள். முள் குத்திய இடத்தில் மட்டும் டயரை ஒரு பக்கம் விலக்கி, ட்யூபை வெளியே இழுத்துப் பேட்ச் போடலாம், நம் பஞ்சர் கடைக்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த வேலை. ‘பெல்ட்டைத் தொடாதீங்க, எண்ணெய் விடாதீங்க’ என்ற இரண்டை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணெய் விடுவதை அவர் உங்களுக்குச் செய்யும் உதவியாக நினைத்துத்தான் செய்வார்.

பெல்ட் மலை சைக்கிளுக்கு என்ன மேம்பாடு செய்யலாம் என்று கேட்டால் என் முதல் பதில் டியூப்லெஸ் டயர். ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றவையாக இருந்தால், உள்ளே ஊற்றும் லேட்டெக்ஸ் திரவம் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். பின்சக்கரத்தைத் தொடாமல் மாதக்கணக்கில் ஓடுகிற பெல்ட் வண்டிதான் பெல்ட்டின் முழுப்பயனையும் தருகிறது.

கியருக்கு வருவோம். பெல்ட் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. ஆகவே கியர் பின் ஹப்புக்குள் இருக்கும், அல்லது கிராங்க் இருக்கும் இடத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஷிமானோ ஆல்ஃபீன் 8 கியர் ஹப் என்றால் வீட்டிலேயே சரிபார்க்க ஒரு அருமையான வழி இருக்கிறது. நான்காவது கியரில் வையுங்கள். ஹப்பின் வலது ஓரத்தில், கேபிள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் கியர் சரி. விலகியிருந்தால் கேபிள் முனையில் இருக்கும் திருகை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நேராக்குங்கள். பின்சக்கரத்தை நகர்த்தி இறுக்கிய பிறகெல்லாம் இதை ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் நகர்ந்தால் கேபிளும் நகர்கிறது. ஜெர்மனியின் ரோலாஃப் 14 கியர் ஹப்புக்கு 5,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். பினியன் கியர் பெட்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. எண்ணெய் வேண்டாத சைக்கிள் என்று தலைப்பு வைத்தேன். எண்ணெய் உண்டு, ஆனால் பெட்டிக்குள், மூடியோடு.

மேம்பாடுகளில் உண்மையில் மூளையைச் செலவழிக்க வேண்டியது விகிதம் மாற்றுவதில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திருப்பூரிலிருந்து பல்லடம் பக்கம் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சமதரையே மலையாகிவிடும். ‘பின்னால் கொஞ்சம் பெரிய புல்லி போட்டால் மிதி லேசாகுமே’ என்று தோன்றும். ஆகும். ஆனால் பெல்ட்டில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று கூடவே மாறும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் புல்லி 46 பல், பின் புல்லி 22 பல், பெல்ட் 118 பல். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 11 மில்லிமீட்டர். இந்த மூன்றும் சேர்ந்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தூரம் 460 மில்லிமீட்டர் வர வேண்டும், வேறு வழியில்லை. பின்னால் 24 பல் போட்டால் அதே பெல்ட்டுக்கு அந்தத் தூரம் 455 ஆக வேண்டும். சக்கரம் ஐந்து மில்லிமீட்டர் முன்னால் வர உங்கள் சட்டத்தில் இடமிருந்தால் அதே பெல்ட் போதும். இல்லையென்றால் புது நீளத்தில் ஒரு பெல்ட்டும் வாங்க வேண்டும். பல் எண்ணிக்கை எல்லாவற்றிலும் பெல்ட் கிடைக்காது, குறிப்பிட்ட சில நீளங்களில்தான் செய்கிறார்கள். ஆகவே புல்லி வாங்கும் முன் சட்டத்தில் சக்கரம் எவ்வளவு முன்னே பின்னே நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர் சட்டத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? 29 அங்குலச் சக்கரத்தில் ஆல்ஃபீன் 8இன் முதல் கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் போய்க்கொண்டிருந்தது, இப்போது சுமார் 2.3 மீட்டர் போகும். எல்லாக் கியரும் எட்டு சதவீதம் இளகும். சிவன்மலை ஏற்றத்திலும் ஆடிக்காற்றிலும் அந்த எட்டு சதவீதம் முழங்காலுக்கு நன்றாகவே தெரியும். காற்று முதுகில் தள்ளும்போது வேகம் கொஞ்சம் குறையும், அதை நான் ஒரு இழப்பாக எண்ணவில்லை.

இந்த இடத்தில் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு ஆசை வரும். வெளிநாட்டிலிருந்து புல்லி வரவழைப்பானேன், கோயம்புத்தூரில் இல்லாத லேத்தா, சாம்பிள் கொடுத்தால் அச்சாகச் செய்து கொடுத்துவிடுவார்களே என்று. அந்தக் கைகளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவில்லை. ஸ்பேசர் செய்யச் சொல்லுங்கள், இழுவை போல்ட் செய்யச் சொல்லுங்கள், ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு சுத்தமாகச் செய்து தருவார்கள். புல்லி மட்டும் வேண்டாம். அந்தப் பல்லின் வளைவு பெல்ட்டின் பல்லோடு முழு நீளத்துக்கும் பொருந்தி உட்கார வேண்டும். தேய்ந்த புல்லியைச் சாம்பிளாகக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் படியெடுப்பார்கள். ஒரு பல்லில் நூலிழை பிசகு இருந்தால் இழுவை முழுவதும் ஓரிரு பல்லின் மேல் விழுந்து, புது பெல்ட்டைச் சில வாரங்களில் தின்றுவிடும். மிச்சப்படுத்திய காசைவிட அந்தப் பெல்ட்டின் விலை அதிகம்.

தேய்மானத்தைப் பார்ப்பதும் எளிது. மாதம் ஒருமுறை பெல்ட்டை மெதுவாகச் சுற்றிப் பல் பல்லாகப் பாருங்கள். பல் கழன்றிருந்தால், பல்லின் அடியில் வெடிப்பு இருந்தால், கறுப்புக் கயிறு வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். முன் புல்லி பெரும்பாலும் அலுமினியம், பின் புல்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆகவே முன்னது முதலில் தேயும். பல்லின் நுனி சப்பையாக இல்லாமல் கூராகியிருந்தால் காலம் முடிந்தது. தேய்ந்த புல்லியில் புது பெல்ட் போடாதீர்கள்.

கையிலிருக்கும் செயின் சைக்கிளை பெல்ட்டுக்கு மாற்றலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அலுமினியச் சட்டமாக இருந்தால் என் பதில் கூடாது என்பதே. வெட்டிப் பற்றவைத்தால் அந்த இடத்தில் அலுமினியத்துக்குக் கொடுத்திருந்த வெப்பப் பதம் போய்விடும். பழைய வலுவில் பாதிகூட நிற்காமல் போகலாம், அது நிற்கவேண்டிய இடமோ நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே. ஸ்டீல் சட்டமென்றால் சட்டம் கட்டத் தெரிந்த கைக்காரர் ஒருவர் வெட்டி, மூட்டு வைத்துப் பித்தளைப் பற்று வைத்துத் தர முடியும். சட்டத்தை வெட்டாமல், பெல்ட்டையே பிரித்து மாட்டி ரிவெட் அடித்துச் சேர்க்கும் வகையை அமெரிக்காவின் வீர் என்ற கம்பெனி தருகிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் டிரெய்லியர் கியரை விட்டுவிட்டு ஹப் கியருக்கு மாற வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பெல்ட்டுக்கென்றே செய்த வண்டி மலிவாகத் தெரியும். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியைப் பெல்ட்டுக்கு மாற்ற நினைக்கவே வேண்டாம். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது இரண்டு அச்சுக்கும் இடையே உள்ள தூரம் மாறும். ஐந்து மில்லிமீட்டருக்கே என்ன பாடு என்று மேலே பார்த்தோம்.

வாரத்துக்கு நான்கு நாள் ஒரே வழியில் வேலைக்குப் போய்வந்து, விடுமுறையில் திருமூர்த்தி மலைப்பக்கம் ஓட்டுகிறவருக்கு பெல்ட்டைத் தயங்காமல் சொல்வேன். போட்டிக்கு ஓட்டுகிறவர், கிராம் கணக்கில் எடை பார்க்கிறவர், மாதம் ஒருமுறை கியர் விகிதம் மாற்றிப் பார்க்கும் ஆர்வமுள்ளவர், இவர்களுக்குச் செயினே சரி. அம்பத்தூரில் தயாராகும் டிஐ டயமண்ட் செயின் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் என்பதும் சின்ன விஷயமில்லை.

அடுத்த வாரம்: ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் காற்றை வெளியேற்றுவது எப்படி?